சாம்பிளாக எடுத்த கிட்டம்

போன திங்கட்கிழமை காலை அந்த இரும்புக் கிட்டத்தை வடக்கே சுங்கை பத்து அகழ்விடத்தில் ஒப்படைத்துவிட்டேன். நீ போய் அன்றைக்கு நாற்பத்தோராவது நாள்.

இன்று கடையைத் திறந்து விசிறியைப் போட்டதும் ரசீதுகளெல்லாம் பறந்தன. ஆறு வருடமாக அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தது அதுதானே. பெக்கான் நானாஸில் என் பழைய இரும்புக் கடைக்கு வந்து போகிற எல்லாருக்கும் அதைத் தெரியும். கறுத்து, குமிழ் குமிழாக, பாதித் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி. "என்னா தவுக்கே, அடிபிடிச்ச கேக்கா?" என்று கடை முதலாளி என்னைக் கேட்டவர்கள்கூட உண்டு. அது இருந்த இடத்தில் மேசைமேல் துருநிறத்தில் ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். பாதி போனது, மிச்சத்தை விட்டுவிட்டேன். குனிந்து ரசீதுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ படிக்கப் போவதில்லை. பயனில்லாத காரியத்தில் கை வைக்கிறவன் நான் இல்லை என்பதும் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் இரும்பில் சோறு தின்றவர்கள். நீ ஒட்டினாய், நான் உடைத்தேன். கெலாங் பாத்தாவிலிருந்து விடியும் முன்னே மோட்டாரை முறுக்கிக்கொண்டு பாலம் தாண்டிப் போய், சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இருபத்தைந்து வருடம் வெல்டிங் பார்த்தாய். நான் சைக்கிளில் தகரடப்பா பொறுக்கி, பிறகு ஒரு லாரி, பிறகு ஒரு தராசு, பிறகு வேலி போட்ட ஒரு ஏக்கர் என்று வந்தவன். நீ முதன்முதலில் என் கடைக்கு வந்தது வீட்டுக் கதவுக்கு ஒரு தகடு தேடி. நான் சொன்ன விலையைக் கேட்டுச் சிரித்தாய். பழைய இரும்பு முதலாளி என்பதை அன்றைக்கே மலாயில் எனக்குப் பட்டப்பெயராக்கிவிட்டாய்.

"பெசி புரோக் தவுக்கே, இது சாதாரணத் தகடு இல்ல, கப்பல் தகடு. உப்புத் தண்ணியில கெடந்தாலும் தாங்கும். இவ்ளோ கொறச்சலா சொல்றியே, ஒனக்குத் தொழில் தெரியுமா தெரியாதா?"

அது என்ன ரகம் என்று எனக்கு விளக்கிவிட்டு, விளக்கியதற்காகவே விலையையும் நீயே ஏற்றிக் கொடுத்துவிட்டு, தகட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாய். தன் தலையில் தானே விலை ஏற்றிக்கொள்கிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இவன் ஒன்று பைத்தியம், இல்லாவிட்டால் கூடவே வைத்துக்கொள்ள வேண்டிய ஆள் என்று நினைத்தேன். வைத்துக்கொண்டேன்.

சுங்கை பத்துக்குப் போனது உன் ஆசை. எனக்குச் சுங்கைப் பட்டாணியில் மூடிவிட்ட ஒரு தொழிற்சாலையின் இயந்திரங்களைப் போய்ப் பார்க்கிற வேலை இருந்தது. நீ லீவில் இருந்தாய். "பக்கத்துலதான்டா அந்த எடம் இருக்கு. அந்தக் காலத்துல மண்ணுலேருந்து இரும்பு எடுத்த எடம். வீடியோல பாத்தேன். நான் வண்டி ஓட்டுறேன், நீ தூங்கிட்டு வா" என்றாய். சும்மா வருகிற டிரைவரை எந்த வியாபாரி வேண்டாம் என்பான்?

செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்தது இடம். தோண்டிய குழிகளுக்கு மேல் கொட்டகை போட்டு வைத்திருந்தார்கள். நம் பாட்டன்மார் கப்பலேறுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் அங்கே உலை எரிந்திருக்கிறது. உலைக்குள் காற்று ஊதச் செய்த மண்குழாய்கள் உடைந்து குவியல் குவியலாகக் கிடந்தன. எங்கே கால் வைத்தாலும் கிட்டம். மண்ணை உருக்கும்போது இரும்பிலிருந்து பிரிந்து வடிகிற கழிவு. உன் பட்டறையில் அதை ஸ்லேக் என்பீர்கள்; ஒட்டு ஆறியதும் சுத்தியலால் தட்டி உதிர்த்துவிடுவீர்கள். என் தொழிலில் அதற்கு மதிப்பே கிடையாது. எங்களிடம் இரும்பு வாங்கி உருக்குகிற மில்லுக்காரன் அதை எடையில் கழிப்பான்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ மூன்றாவது கொட்டகையில் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கமாக முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாய், கோயிலில் உட்காருகிற மாதிரி.

"தவுக்கே, இங்க வாயேன். இந்தப் பக்கத்துக் கிட்டத்தப் பாரு, கண்ணாடியாட்டம் வழவழன்னு வடிஞ்சிருக்கு. அந்தப் பக்கம் பாரு, குமிழி குமிழியா. சூடு பத்தல. அவசரப்பட்டுருக்கான்."

"யாரு?"

"ஊதுனவன்தான். துருத்தி அமுக்குற கை ஓஞ்சிருக்கும். இல்லாட்டி சூப்பர்வைசர் 'சீக்கிரம் சீக்கிரம்'னு கத்தியிருப்பான்."

பக்கத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்த நம் ஆள் ஒருவர், "எல்லாம் நம்ம ராஜாங்க காலத்துல பண்ணது தம்பி" என்று பெருமையாகச் சொன்னார். நீ எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, "ராஜா எப்பண்ணே துருத்தி ஊதுனாரு? ஊதுனவன் கூலிக்காரன். எந்த ஊர்க்காரனோ, பாவம்" என்றாய். அவர் வேறு பக்கம் படம் பிடிக்கப் போய்விட்டார்.

நீ அவரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் அதைச் செய்தேன். என் சாவிக்கொத்தில் ஒரு காந்தம் தொங்கும். எந்த இரும்பைப் பார்த்தாலும் கை தானாகப் போய் அதை வைத்துப் பார்க்கும். கயிற்றுக்கு வெளியே, நீ காட்டிய பக்கத்தில் கிடந்த ஒரு குமிழ்க் கட்டியில் வைத்தேன். பிடித்தது. லேசாகத்தான், ஆனால் பிடித்தது. உருக்கியவன் விட்டுவிட்டுப் போன இரும்பு அதற்குள் இருந்தது. பிடித்த பொருளில் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். மில்லுக்காரனிடம் காட்டச் சாம்பிள் வேண்டும். சாம்பிள் எடுப்பதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. யோசித்துச் செய்யவில்லை. காற்சட்டைப் பையில் கொள்ளாததால் கைப்பையில் போட்டேன்.

திரும்பி வரும்போது தாப்பா ஓய்விடத்தில் பார்லித் தண்ணி வாங்கச் சில்லறை தேடி நீ என் கைப்பையைத் திறந்தாய்.

"அலமாக்! திருடிட்டியா?"

"திருட்டு இல்லடா. சாம்பிள்."

"சாம்பிளா? யாருக்கு விக்கப் போற, மியூசியத்துக்கா?"

"கழிவுடா அது. எங்க பாத்தாலும் கெடக்கு. ஒண்ணு கொறஞ்சா யாருக்குத் தெரியும்?"

"கழிவுன்னா எதுக்கு எடுத்த?"

பையை வாங்கிச் சில்லறையை எடுத்துக் கொடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நீ வண்டியைத் திருப்பலாம் என்றாய். நான் இன்னும் இரண்டரை மணி நேரம் பின்னால் போக வேண்டும், நாளைக்குக் கடை திறக்க வேண்டும் என்றேன். நீ அந்த மேசையிலேயே ஒரு ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ வரைந்தாய். கப்பல் வரைபடம் பார்த்துப் பழகிய கை. என்ன என்று கேட்டேன். "எடுத்த எடம். மறந்துபோறதுக்கு முன்ன" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். பிறகு எங்கள் தொழில் சட்டத்தையே எனக்கு எதிராகத் திருப்பினாய்.

"சாம்பிள் எடுத்தா ஒண்ணு சரக்க வாங்கணும், இல்ல சாம்பிளத் திருப்பிக் குடுக்கணும். ஒன் கடைச் சட்டம்தானே? சுங்கை பத்த வாங்கிடு."

அதற்குப் பிறகு நீ கடைக்கு வரும்போதெல்லாம் நாற்காலியில் உட்காரும் முன் மேசையைப் பார்ப்பாய். "இன்னும் இங்கதான் இருக்கா?" என்பாய். "அதுக்கு இங்க நல்லாத்தான் இருக்கு" என்பேன். சிரிப்போம். அப்படியே நான்கு வருடம் போனது.

பிறகு உன் சிறுநீரகம் நின்றது. செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ். பாலம் தாண்டுகிற வேலை போனது. மூன்று கிளாஸ் பார்லித் தண்ணி ஒரே மூச்சில் குடித்தவன் ஒரு சின்னப் போத்தலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு அளந்து குடித்தாய். அப்போதும் உன் வாய் சும்மா இருக்கவில்லை.

"வாரம் மூணு தடவ எனக்குக் கிட்டம் எடுக்குறாங்க தவுக்கே. ரத்தத்த வெளிய விட்டு, கழிவ வடிச்சு, திருப்பி உள்ள ஊத்துறாங்க. அந்தக் கிட்டத்த யாரும் சாம்பிள் எடுக்க மாட்டேங்கறான்."

சிரித்துவிட்டு, அதே மூச்சில், "அதக் கொண்டுபோய்க் குடுத்துடலாம்டா" என்றாய்.

ஏன் உனக்கு அது அவ்வளவு முக்கியம் என்று எரிச்சலோடுதான் கேட்டேன். நீ கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அங்க கெடந்தாத்தான் அவன் அவசரப்பட்டது தெரியும். வழவழன்னு வடிஞ்சதுக்குப் பக்கத்துல இது கெடக்கணும். ஒன் மேசையில கெடந்தா வெறும் கல்லு. ஒரு ஆளோட வேலடா அது."

உனக்கு மிஷின் இல்லாமல் சேர்ந்தாற்போல இருந்தது ஞாயிறும் திங்களும் மட்டும். ஞாயிறு போய்த் திங்கள் திரும்பினால் செவ்வாய் காலை மிஷினுக்குப் போய்விடலாம் என்று நீயே திட்டம் போட்டாய். நான் சரி என்று சொல்லிச் சொல்லியே தள்ளினேன். இரும்பு விலை ஏறியிருந்த நேரம். ஒரு வாரம் மில்லுக்காரன் வருவான், இன்னொரு வாரம் லாரி பழுது, அடுத்த வாரம் தீபாவளி.

அந்த ஞாயிற்றுக்கிழமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலை ஆறரைக்கு நீ கடை வாசலில் நின்றாய். கையில் ஒரு நீலப் பை. இன்னொரு கையில் உன் மனைவி கட்டிக் கொடுத்த சோறு. உன் கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வாரைக் கடைசி ஓட்டைக்குத் தளர்த்தியிருந்தாய். அந்த ஞாயிறு போகலாம் என்று முந்தின வாரம் சொன்னது நான்தான். ஆனால் முதல் நாள் மாலை ஒரு ஃபோன் வந்திருந்தது: பண்டார் தெங்காராப் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் பழைய கொதிகலன் பிரிக்கிறார்கள், ஞாயிறே வந்தால் சரக்கு எனக்கு. உனக்குச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்று எழுதுவதும் பொய். சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று தள்ளிப்போட்டேன்.

நீ வந்ததும் கட்டியைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாய். நான் விஷயத்தைச் சொன்னேன். பையைத் திறந்து, செய்தித்தாளைப் பிரித்து, கட்டியை எடுத்து, அதே துரு வட்டத்தின்மேல் சரியாக வைத்தாய்.

"சரி தவுக்கே. அடுத்த வாரம் போலாம்."

கொதிகலன் எனக்குக் கிடைத்தது. அந்த வருடத்திலேயே நல்ல சரக்கு அதுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மிஷினுக்குக் கிளம்பும் முன்னே, வீட்டுக் குளியலறையில் நீ விழுந்தாய்.

நாற்பதாம் நாள் பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பூசை முடிந்ததும் உன் மனைவியிடம், கட்டி காரில் இருக்கிறது, இப்படியே வடக்கே போகிறேன் என்றேன். அவள் அழவில்லை. வீட்டுக்குள் போய் அந்த நீலப் பையை எடுத்து வந்தாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து இதக் கதவு ஓரமா வச்சாரண்ணே. பிரிச்சு வைக்கவான்னு கேட்டேன். வேணாம், அடுத்த ஞாயித்துக்கெழமை போறோம், தவுக்கே சொல்லிட்டான்னாரு. அதுக்கப்புறம் நான் தொடல. நீங்க எடுத்துட்டுப் போங்க."

பக்கத்து சீட்டில் பையை வைத்து, பெல்ட்டை அதற்கும் போட்டேன். பெல்ட் போடாவிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

தாப்பாவில் நின்றேன். அன்றைக்கு நாம் தெற்கே வருகிற பக்கம் நின்றோம். இப்போது நான் எதிர்ப்பக்கம். நடுவில் நெடுஞ்சாலை ஓடிக்கொண்டிருந்தது. பார்லித் தண்ணி வாங்கினேன், குடிக்க முடியவில்லை. பையைத் திறக்கக் கூடாது என்றுதான் வந்தேன், திறந்துவிட்டேன். ஒரு சட்டை, ஒரு கைலி, மாத்திரை டப்பா, கோடு போட்ட போத்தல். அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்.

மலாயில், அச்சடித்த மாதிரி எழுத்தில் எழுதியிருந்தாய். 'ஆறு வருடங்களுக்கு முன் இங்கே வந்தபோது அறியாமல் இந்தக் கட்டியை நான் எடுத்துவிட்டேன். தவறு என்னுடையது. உடன் வந்த நண்பருக்கு இதில் சம்பந்தமில்லை. அவர் வண்டி ஓட்டி வந்தவர் மட்டுமே.' கீழே உன் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. தாளின் பின்பக்கத்தில் அந்தப் பென்சில் படத்தைப் பேனாவால் பெரிதாக வரைந்திருந்தாய். மூன்றாவது கொட்டகை, இடது மூலைத் தூண், தூணிலிருந்து எத்தனை எட்டு, எந்தக் குழாய்க் குவியலுக்குப் பக்கத்தில் என்று எல்லாம்.

வண்டி ஓட்டியது நீ. அதைக்கூட மாற்றி எழுதிவிட்டாயே.

ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. என் தொழில் போலீஸ் லைசென்ஸில் ஓடுவது. சரக்கு எங்கேயிருந்து வந்தது என்று தெரியாமல் தராசில் ஏற்றக் கூடாது. கேபிளும் சாக்கடை மூடியும் கொண்டு வருகிறவனிடம் நான் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான். அரசாங்கம் காக்கிற இடத்திலிருந்து பொருள் எடுத்தவன் என்று என் பெயர் ஒரு தாளில் ஏறினால் என்ன ஆகும் என்று நீ யோசித்திருக்கிறாய். எனக்காக நீ யோசித்துக்கொண்டிருந்த வாரங்களில் நான் லாரி, மில்லு என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறைக்காமல் சொல்கிறேன். சுங்கைப் பட்டாணியில் அறை எடுத்துப் படுத்தபோது, அந்தத் தாளை அப்படியே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. இறந்தவனுக்கு யாரும் அபராதம் போடப் போவதில்லை. என் லைசென்ஸுக்கும் பயமில்லை. நீ எழுதிக் கொடுத்தபடியே செய்கிறேன் என்று மனசுக்கும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வியாபாரி மூளை, அது அப்படித்தான் ஓடும்.

காலையில் அலுவலக மேசையில் ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தாள், என் மகள் வயது. செய்தித்தாளைப் பிரித்து வைத்தேன். அவள் கட்டியைத் தொடாமல் என்னைப் பார்த்தாள்.

"பாக்சிக், இதை யார் எடுத்தது? எந்த இடத்தில்?"

நான் ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வியை என்னிடம் ஒருத்தி, மாமா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, கேட்டாள். இடம் எங்கே என்பதற்குப் பதில் உன் தாளில் மட்டும்தான் இருந்தது. படத்தைக் கொடுத்தால் அதன் முதுகில் உன் வாக்குமூலமும் சேர்ந்து போகும். கிழிக்க முடியாது. தாளை மேசையில் வைத்து, அவளிடமே பேனா வாங்கி, நீ 'நான்' என்று எழுதிய வரியை அடித்தேன். வண்டி ஓட்டியவன் வரியையும் அடித்தேன்.

"சாயா யாங் அம்பில்" என்றேன். நான்தான் எடுத்தேன். "இதை எழுதியவன் என் நண்பன். திருப்பிக் கொடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். நான்தான் நேரமில்லை என்றேன்."

"அவர் வரவில்லையா?"

"இல்லை" என்றேன். தாளில் உன் கையெழுத்தின்மேல் விரலை வைத்து, நேற்று இவனுக்கு நாற்பதாம் நாள் பூசை என்றேன். அவள் புரிந்துகொண்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

உன் படத்தை வைத்துக்கொண்டு மூன்றாவது கொட்டகைக்கு நடந்தோம். தூண் அப்படியே இருந்தது. அவள் எட்டு எண்ணி நடந்து, நீ குறித்த இடத்தில் நின்று, படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பொருளை எடுத்துப் போனவர்கள் சில பேர் திருப்பித் தருவதுண்டாம்; இடத்தை வரைந்து தந்தவர்களை அவள் பார்த்ததில்லையாம். நான் நீ உட்கார்ந்த இடத்தில் முட்டி போட்டேன். வலது முட்டி இப்போது மடங்குவதில்லை, ஒரு மாதிரி சாய்ந்துதான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் வழவழவென்று, ஒரு பக்கம் குமிழ் குமிழாக. நீ காட்டியபோது தெரியாதது அன்றைக்குத் தெரிந்தது.

"இந்த இடத்தில் சூடு போதவில்லை" என்று அவளிடம் சொன்னேன். "ஊதியவன் அவசரப்பட்டிருக்கிறான்."

"யார் சொன்னது?"

"என் நண்பன். வெல்டர்."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

இன்றைக்கும் காந்தம் என் சாவிக்கொத்தில்தான் இருக்கிறது. தொழிலை விட முடியாது. ஆனால் எதிலாவது அதை வைக்கப் போகும்போது கை ஒரு நொடி நிற்கிறது, "இன்னும் இங்கதான் இருக்கா?" என்று நீ கேட்பது போல. கோடு போட்ட போத்தலை உன் மனைவி என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். காரில் இருக்கிறது.

ஒப்பந்தம் இப்படி முடிந்தது. கட்டி இனி அவர்களுடையது. பழைய இடத்தில் போட மாட்டார்கள். இடத்தின் குறிப்போடு உறையில் போட்டு உள்ளே வைப்பார்கள். அவர்கள் படிவத்தில் எடுத்தவர் என்ற கட்டத்தில் என் பெயர். இடம் காட்டியவர் என்ற கட்டத்தில் உன் பெயர். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால், கூப்பிட்ட நாளில் போவேன், சொன்ன அபராதத்தைக் கட்டுவேன். எனக்கு வருடத்தில் ஒரு முறை, ஞாயிறு போய்த் திங்கள் காலை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து அதைப் பார்க்க அனுமதி. நான் பேரம் பேசவில்லை. அவள் கேட்காத ஒன்றை மட்டும் நானே என் பெயருக்குக் கீழே சேர்த்து எழுதினேன்: கடை லைசென்ஸ் நம்பர்.